பீச் சாக்கர் வேர்ல்ட் கப்: கடலே இல்லாத டீம் ஃபைனல்ல ஆடுன கதை

2025 மே மாசம் செஷல்ஸ்ல நடந்த ஃபிஃபா பீச் சாக்கர் வேர்ல்ட் கப்ப கிட்டத்தட்ட முழுசா பார்த்து முடிச்சாச்சு, அதான் இந்த ரிவ்யூ. லீவுக்கு போனவங்க மணல்ல பந்து உதைக்கிற மாதிரி ஏதோ இருக்கும்னு அசால்ட்டா தான் போட்டேன், ரெண்டாவது மேட்ச்லயே ஒட்டிக்கிச்சு.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், மணல்ல பந்து ஒழுங்கா உருளாது. தரையில பாஸ் போட்டா குழியில பட்டு எங்கயோ திரும்பிடும், அதனால பந்து பாதி நேரம் காத்துல தான் இருக்கு. வெறுங்கால்ல ஒருத்தன் கட்டைவிரலால பந்த லேசா கிளப்பி விடுறான், அது இடுப்பு உயரத்துக்கு வர்றதுக்குள்ள அப்படியே மல்லாக்க சாய்ஞ்சு பைசிக்கிள் கிக் அடிக்கிறான், விழுந்தாலும் மணல் தானே! புல்தரையில வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பார்க்கிற கோல் இங்க ஒரே மேட்ச்ல வந்துடும்.

எனக்கு ரொம்ப புடிச்சது ஃபவுல் பண்ணா எதிர் டீமுக்கு கிடைக்கிற ஃப்ரீ கிக். தடுக்கிற டீம் ஆளுங்க பந்துக்கு முன்னாடி வரிசையா நின்னு சுவர் வைக்கவே கூடாது. அடிக்கிறவன் காலாலயே மணலக் கூட்டி சின்னதா ஒரு மேடு கட்டி அது மேல பந்த வைப்பான், அப்புறம் அவனும் கோல்கீப்பரும் மட்டும் தான், அந்த நாலு செகண்ட் நமக்கே வயித்த கலக்கும். அதனால சும்மா சட்டையப் புடிச்சு இழுக்கிறதுக்கு எவனும் யோசிப்பான். பக்கத்துக்கு 5 பேர், 12 நிமிஷம் மூணு பீரியட், ஆள் மாத்திக்கிட்டே இருக்கலாம், டிரா ஆனா 3 நிமிஷம் எக்ஸ்ட்ரா, அப்பவும் முடியலன்னா பெனால்டி, ஜவ்வா இழுக்கிற பேச்சே இல்ல.

ஃபைனல்ல பிரேசில் 4-3ன்னு பெலாரஸ ஜெயிச்சுது. பிரேசில் ஜெயிக்கிறது என்ன புதுசா, 2024 துபாய்லயும் அவங்க தான். ஆனா பெலாரஸ்! மேப்ப எடுத்துப் பாருங்க, அந்த நாட்டுக்கு ஒரு அடி கடற்கரை கூட கிடையாது, சுத்தி தரை தான், அவங்க பிரேசில ஒரே கோல் வித்தியாசம் வரைக்கும் கொண்டு வந்துட்டாங்க. நான் பெலாரஸ் பக்கம் தான் கத்துனேன், தொண்டை போச்சு.

குறையும் இருக்கு. 16 டீம்ல பெரிய டீமுக்கும் புது டீமுக்கும் இடைவெளி ஜாஸ்தி, குரூப் மேட்ச் சிலது முதல் பீரியட்லயே முடிஞ்ச கதை. நான் பார்த்த ஸ்ட்ரீம் வேற முக்கியமான கோல் டைம்ல சுத்திக்கிட்டே நின்னுச்சு, வெயில் மேட்ச்ல மணலும் பந்தும் ஒரே கலர்ல தெரியுது, டிவில பார்த்தா பரவாயில்ல. 11 நாள்ல மொத்தமும் முடிஞ்சுடுது, அது வேற கடுப்பு.

புதுசா பார்க்க போறீங்கன்னா பழசு ஒண்ணு, 2011 ஃபைனல், ரஷ்யா 12 பிரேசில் 8. ஸ்கோர்ல டைப்பிங் மிஸ்டேக் இல்லீங்க.