அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைச் சீர்செய்த பினாங்குப் பட்டறை

மலேசியாவின் கெடா மாநிலத்து ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த என் அப்பா மான் வேட்டைக்கு எடுத்துச் சென்ற, பர்மிங்ஹாம் முத்திரை கொண்ட 12-போர் (குழலின் உள்விட்ட அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கியை, ஜார்ஜ்டவுனில் உள்ள உரிமம் பெற்ற ஆயுதப் பட்டறை ஒன்றில் சீர்செய்யக் கொடுத்தேன். காவல்துறை உரிமத்தைச் சரிபார்க்காமல் அவர்கள் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நடப்பிலுள்ள நாட்டில் அதுவே முறை.

பட்டறைக்காரரின் திறமை தோட்டா அறையை அளந்தபோது விளங்கியது. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றின் அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கானது என்றும், இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா அதில் நுழைந்துவிட்டாலும், சுடும்போது அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். வால்நட் கட்டையில் அப்பாவின் கன்னம் பட்டுத் தேய்ந்த இடத்தைச் சுரண்டாமல், ஆளிவிதை எண்ணெயை மட்டும் மெல்லத் தேய்த்துவிட்டிருக்கிறார். புதிதுபோல மினுக்கித் தந்திருந்தால் நான் பணமே கொடுத்திருக்க மாட்டேன்.

குழலின் உட்புறமும் பூட்டும் குறையின்றி இருக்கின்றன. கூலி அதிகம்தான், சொன்ன தேதியும் தள்ளிப்போனது. தீபகற்ப மலேசியாவில் கடமானுக்கும் கேளையாடு எனும் சிறு மானுக்கும் வேட்டை உரிமம் வழங்குவது 2009-இல் நிறுத்தப்பட்டதால், மான் வேட்டைக்கென்று துப்பாக்கியைத் தயார்செய்ய நினைப்பவர்கள் அந்தச் செலவைத் தவிர்க்கலாம். குடும்பச் சொத்தைப் பழுதின்றி வைத்துக்கொள்ள விரும்புவோர் தாராளமாகப் போகலாம். உரிமப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.