விதிப்புத்தகத்தைத் திறந்தால் விறுவிறுப்பு: விளையாட்டில் அடையாளமும் பன்மையும் பற்றி ஒரு விருப்பப் பாடம்

சென்னையில் தன்னாட்சிக் கல்லூரி ஒன்று இளங்கலை மாணவர்களுக்கு நடத்தும் விருப்பப் பாடம் இது. 15 வாரம், வாரத்துக்கு 3 மணி நேரம், 3 கிரெடிட். உள்மதிப்பீடு 40, பருவத் தேர்வு 60. தலைப்பைப் பார்த்து ‘நாலு நல்ல வார்த்தை எழுதினால் பாஸ்’ என்று சேர்பவர்கள் நாலாவது வாரம் திணறிப் போகிறார்கள். அந்த வாரத்தில்தான் பாலினச் சோதனைப் பகுதி தொடங்குகிறது. பாடத்தின் உயிரே அதுதான்.

2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து பாலினச் சோதனைக்குப் பிறகு பதக்கம் பறிக்கப்பட்டதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆனால் அனுதாபத்தில் நிற்பதில்லை. அடுத்த வகுப்பிலேயே விதிகளையும் தீர்ப்புகளையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இந்திய ஓட்டக்காரர் டூட்டி சந்த் வழக்கில் 2015 ஜூலையில் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம், பெண்கள் பிரிவில் ஓடுபவர்களின் டெஸ்டோஸ்டிரோன் (ஆண்களிடம் அதிகம் சுரக்கும் இயக்குநீர்) அளவுக்கு வரம்பு வைத்த உலகத் தடகளச் சங்க விதியை நிறுத்திவைத்து, ஆதாரம் கொண்டுவா என்றது. 2017இல் ஓர் ஆய்வு வந்தது. டெஸ்டோஸ்டிரோன் அதிகமுள்ள பெண்கள் 400 மீட்டர், 400 மீட்டர் தடையோட்டம், 800 மீட்டர், சம்மட்டி எறிதல், கோலூன்றித் தாண்டுதல் ஆகியவற்றில் சிறந்திருப்பதாகச் சொன்னது. 2018இல் வந்த புது விதியோ 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும், இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 5 நானோமோல் என்ற வரம்பு வைத்தது. ஆய்வு சொல்லாத 1500 மீட்டர் உள்ளே வந்தது. ஆய்வு சொன்ன சம்மட்டியும் கோலும் வெளியே போயின. 100, 200 மீட்டர் ஓடும் டூட்டி தப்பினார், 800 மீட்டர் ஓடும் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா மாட்டினார். ஆய்வு, விதி இரண்டின் பட்டியலையும் பக்கம் பக்கமாக வைத்து மாணவர்களையே ஒப்பிடச் சொல்லும் அந்தப் பயிற்சிக்காகவே இந்தப் பாடத்தை எடுக்கலாம்.

குறை என்னவென்றால், வகுப்புக் குறிப்பு செமன்யா வழக்கில் அதே தீர்ப்பாயம் 2019இல் தந்த தீர்ப்போடு நின்றுவிடுகிறது. அதே ஆய்வுக்கு 2021இல் ஒரு திருத்தம் வெளியானது. அது காரண விளைவை நிறுவவில்லை என்று ஒப்புக்கொண்ட திருத்தம். 2023 மார்ச்சில் வரம்பு 2.5 நானோமோலாகக் குறைந்து, எல்லாப் போட்டிகளுக்கும் விரிந்தது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு செமன்யாவுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் பெண்கள் பிரிவுக்கு எஸ்.ஆர்.ஒய். (ஒய் குரோமோசோமில் உள்ள மரபணு) சோதனை வந்துவிட்டது. பழைய குறிப்பை நம்பித் தேர்வு எழுதினால் விடை ஆறு வருஷம் பின்தங்கியிருக்கும்.

மாற்றுத்திறனாளர் வகைப்பாட்டுக்கு இரண்டு வாரம். மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் டி42 (கால் குறைபாட்டு வகை எண்) உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார், டோக்கியோவில் 1.86, பாரிஸில் 1.85, இரண்டும் டி63 போட்டி. ‘அவர் வகை மாறிவிட்டார்’ என்று பாதி வகுப்பு எழுதுகிறது. மாறியது அட்டவணை. 2018இல் செயற்கைக் காலோடு போட்டியிடுபவர்களுக்கு 61 முதல் 64 வரை தனி எண்கள் வந்தன; 42 முதல் 44 வரை செயற்கைக் கால் இல்லாதவர்களுக்கு என்றானது. இரு வகையினரையும் ஒரே போட்டியில் சேர்க்கும்போது டி63 என்ற பெயர் நிற்கிறது. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் பத்து நிமிடத்தில் விளங்கும். படவில்லையாக ஓட்டினால் விளங்காது.

அமெரிக்கப் பகுதி நீளம். 1947இல் பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன், 1968 மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் கறுப்பின வீரர்கள் உயர்த்திய கைகள், கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972 சட்டமான டைட்டில் நைன் என்று நான்கு வாரம் போகிறது. டைட்டில் நைனின் அந்தப் புகழ்பெற்ற 37 சொற்களில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை என்பதைக் காட்டும் வகுப்பு ஒன்றுதான் தேறும். சாதிக்கு ஒரே ஒரு மணி நேரம்! 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்த தலித் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலுவை, பம்பாய் நாற்கோணப் போட்டியில் இந்துக்கள் அணிக்கு ஒருமுறைகூடத் தலைவராக்கவில்லை. தம்பி விட்டலுக்கு அந்த இடம் 1923இல் கிடைத்தது. மத அடிப்படையில் அணி பிரித்து பம்பாயில் பல்லாண்டு நடந்த அந்தப் போட்டியை வைத்தே மூன்று வாரம் ஓட்டலாம். தவறவிட்டிருக்கிறார்கள்.

சம ஊதியப் பகுதியில் ஒரு கண்ணி இருக்கிறது. 2022 அக்டோபரில் கிரிக்கெட் வாரியம் சமமாக்கியது ஆட்டக் கட்டணத்தை மட்டும்: டெஸ்ட் 15 லட்சம், ஒருநாள் 6 லட்சம், டி20 3 லட்சம். அன்றைய ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்களின் உச்சப் பிரிவு 7 கோடி, பெண்களுக்கு 50 லட்சம். ‘சம ஊதியம் வந்துவிட்டது’ என்று எழுதினால் மதிப்பெண் போகும், போவதும் சரிதான்.

இனி சிந்தனைக் குறிப்பேடு. 10 பதிவு, ஒவ்வொன்றும் 300 சொல், மொத்தம் 20 மதிப்பெண். ‘வியந்தேன், வேதனைப்பட்டேன்’ என்று நிரப்புபவர்கள் 8, 9க்கு மேல் தாண்டுவதில்லை. ஒரு பதிவுக்கு ஒரே ஒரு விதியை எடுங்கள். யார் எழுதியது, எதை அளக்கிறது, யார் வெளியே நிற்கிறார்கள் என்று முதல் 200 சொல்லில் முடித்துவிட்டு, மிச்சத்தில் உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லுங்கள். தலைப்பைத் தொட்டுவிட்டு வேறெங்கோ போவதைவிட இது எழுதவும் எளிது.

10 மதிப்பெண் கள அறிக்கைக்கு ஒரு பொது மைதானத்தைக் கவனிக்க வேண்டும். தலையை மட்டும் எண்ணினால் ஒன்றும் கிடைக்காது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை யார் எந்த மூலையில், எவ்வளவு இடத்தில் ஆடுகிறார்கள் என்று வரைபடத்திலேயே குறியுங்கள். இரண்டு வேலைநாள் மாலை, ஒரு ஞாயிறு காலை போதும். விளக்கு எத்தனை மணிக்கு எரிகிறது, கழிப்பறை பூட்டியிருக்கிறதா, சக்கர நாற்காலி வாசலைத் தாண்டுமா என்பதையும் எழுதுங்கள். கூட்டம் ஏன் மாறுகிறது என்பதற்கு விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சேருமுன் கால அட்டவணையைப் பாருங்கள். வகுப்பு பிற்பகல் 2 முதல் 5 வரை, அணி வீரர்களின் பயிற்சி 3.30க்கு. விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவர்கள் முதல் வாரமே ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் வாங்கி வைக்காவிட்டால் 75 சதவீத வருகை தேறாது.