பிளக் மீட்டருடன் இரண்டு ஆண்டுகள்: வீட்டு மின்சாரத்தை அளந்து பார்த்த அனுபவம்

2023 மே மாதம் கணக்கெடுக்க வந்தவர் எங்கள் வெள்ளை அட்டையில் 512 யூனிட் என்று எழுதிவிட்டுச் சென்றார். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். அப்போதைய விதிப்படி முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குரிய குறைந்த கட்டணம் போய், அவற்றுக்கும் அடுத்த படியின் கட்டணமே விழுந்தது. வெறும் 12 யூனிட்டுக்காக அந்தச் சலுகையை இழந்தது மனதை உறுத்தியதால், ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு ஒரு பிளக் மீட்டர் வாங்கினேன். சுவர் சாக்கெட்டில் அதைச் செருகி, அதன் மேல் சாதனத்தின் பிளக்கைச் செருகினால், வாட்டும் யூனிட்டும் சிறு திரையில் ஓடும்.

மிக்ஸியும் கிரைண்டரும்தான் கரண்டை இழுக்கின்றன என்று அம்மா எப்போதும் சொல்வார் என்பதால் அவற்றை முதலில் அளந்தேன். 750 வாட் என்று அச்சிட்டிருந்த மிக்ஸி, சட்னி அரைக்கும்போது 400 வாட்டைச் சுற்றியே நின்றது. நாளொன்றுக்கு நான்கு நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 2 யூனிட்கூட ஆகாது. கிரைண்டர் 35 நிமிடம் மாவாட்டி முடித்தபோது திரையில் 0.09 யூனிட் இருந்தது. அதைக் காட்டியதும், “அப்போ எதுதான்டா இழுக்குது?” என்று அம்மா கேட்டார்.

நாள் முழுவதும் ஓடுபவைதாம் இழுத்தன. எங்கள் பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடுவதும் நிற்பதுமாக இருப்பதால், அதைக் குறைந்தது 24 மணி நேரமாவது அளக்க வேண்டும். ஒரு நாளுக்கு 2.1 யூனிட் காட்டியது. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தபோது அது தடையின்றி நழுவி வந்தது. கதவு ரப்பரை மாற்றிய பின் ஒரு நாள் செலவு 1.7 யூனிட்டாகக் குறைந்தது. இரண்டு மாதக் கணக்கில் இது மட்டுமே 24 யூனிட். செட்-டாப் பெட்டி ரிமோட்டில் அணைத்த பிறகும் 10 வாட் எடுத்துக்கொண்டே இருந்தது. நான் சற்றும் எதிர்பாராதது இன்வெர்ட்டர்தான். வீட்டு விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைத்து அதை மட்டும் அளந்தபோது, பேட்டரி முழுவதும் சார்ஜ் ஆன நிலையிலும் 34 வாட் காட்டியது. ஆறு வயதான பேட்டரியை மாற்றியதும் அது 14 வாட்டானது.

இந்தக் கருவிக்குக் குறைகளும் உண்டு. இரண்டு வாட்டுக்குக் கீழே அது காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை. உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோன பிறகு, ஒரு மின்தடையிலேயே மூன்று நாள் அளவு அழிந்தது. 16 ஆம்பியர் தாங்கும் என்று போட்டிருந்தாலும், 2000 வாட் வாட்டர் ஹீட்டரைச் செருகிய பத்தே நிமிடத்தில் அதன் உடல் கைபொறுக்காத சூடானது. ஹீட்டருக்கும் மோட்டருக்கும் தயவுசெய்து இதைப் பயன்படுத்தாதீர்கள்.

கூரை விசிறியை இதில் செருக முடியாது. அதற்கு வீட்டு மீட்டரே போதும். எங்கள் மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருக்கிறது. அதிலுள்ள சிவப்பு விளக்கு அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட் ஆகிவிட்டது என்று பொருள். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி, மின்சாரம் இன்வெர்ட்டரைத் தொடாமல் நேரே செல்லும்படி அதை பைபாஸில் வைத்து, கூடத்து விசிறியை மட்டும் ஓடவிட்டு, அலைபேசியில் நேரம் பார்த்தபடி மீட்டரின் முன் நின்றேன். ஒரு சிமிட்டலிலிருந்து தொடங்கி அடுத்த பத்துச் சிமிட்டலுக்கு 150 விநாடி ஆனது. 3200 துடிப்பு மீட்டரில் பத்துச் சிமிட்டல் என்பது 11,250 வாட்-விநாடி என்பதால், 11,250-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் வாட் கிடைக்கும். 75 வாட் வந்தது. அந்த விசிறியைக் கழற்றி, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டர் கொண்ட பிஎல்டிசி விசிறி மாட்டிய பின், அதே பத்துச் சிமிட்டலுக்கு ஆறேகால் நிமிடம் காத்திருந்தேன்: 30 வாட்.

2024 மே மாதக் கணக்கு 418 யூனிட். படுக்கையறை விசிறியையும் மாற்றலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள். கூடத்து விசிறி நாளுக்குப் பதினாறு மணி நேரம் ஓடுகிறது. படுக்கையறை விசிறி ஆறு மணி நேரம்தான் ஓடுகிறது. இரண்டு மாதத்தில் மிச்சமாவது 16 யூனிட்தான் என்பதால், பழையது பழுதாகும்வரை அதை மாற்றப் போவதில்லை.