சக்கர லைட்டரா, டக் லைட்டரா?

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுச் சாமி மேடையில் சக்கரம் உருட்டுகிற லைட்டர், அடுப்படியில் 'டக்' என்று அழுத்துகிற லைட்டர். இரண்டும் தீப்பொறிதான் தருகின்றன, ஆனால் வழி வேறு.

சக்கர லைட்டரில் இருப்பது சீரியம் என்ற உலோகமும் இரும்பும் கலந்த ஒரு குச்சி, 1903இல் ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் வொன் வெல்ஸ்பாக் கண்டுபிடித்தது. உரசினால் துகள் பறந்து காற்றில் எரியும், அவ்வளவுதான். குச்சி தேயும், விரல் கறுக்கும்.

டக் லைட்டர்தான் ஆச்சரியம். உள்ளே பேட்டரியே கிடையாது. அழுத்தும்போது ஸ்பிரிங் இறுகி, சட்டென்று விடுபட்டு, ஒரு குட்டிச் சுத்தியல் பீங்கான் மாதிரியான, அடித்தால் மின்சாரம் தரும் 'பீசோ' கட்டியைத் தட்டுகிறது. அந்த அடியில் கட்டிக்குள் இருக்கும் நேர், எதிர் மின்னேற்றங்கள் கொஞ்சம் இடம் மாறி, ஒரு நொடிக்கும் குறைவாகப் பல ஆயிரம் வோல்ட் வந்துவிட, கம்பி நுனியில் பொறி தாவுகிறது. 1880இல் கியூரி சகோதரர்கள் கண்ட விஷயம் இது. தலைகீழாகவும் நடக்கும்: மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும், குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தில் நொடிக்கு 32,768 முறை.

சரி, எது நல்லது? அடுப்புக்கு டக் லைட்டர்தான், கட்டி லேசில் தேயாது. ஆனால் மழைக்காலத்தில் நுனி ஈரமானால் பொறி வேறு பக்கம் கசிந்துவிடும், அம்மா பத்து தடவை அழுத்திவிட்டு "தீப்பெட்டி எங்கடா?" என்பார். துடைத்தால் போதும்மா என்றால் கேட்பதில்லை. கேஸே இல்லாத கற்பூரத்துக்கு வெறும் பொறி உதவாது, அங்கே உள்ளேயே கேஸ் வைத்திருக்கும் சக்கர லைட்டர்தான்.