இறுக்கமான ரோடு பைக் டயரை ரிம்மில் ஏற்றுவது: டர்பனில் நான்கு வருட அனுபவம்

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. நான்கு வருடமாக ஒரே ஜோடி ரிம், ஒரே மாடல் டயர் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். டயரின் வேகம், பிடிப்பு, ஆயுள் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது அதை ரிம்மில், அதாவது சக்கரத்தின் உலோக வளையத்தில், ஏற்றும் வேலையைப் பற்றி மட்டும்தான். இந்த நான்கு வருடத்தில் சைக்கிள் விஷயமாக நான் உண்மையிலேயே கலங்கி நின்றது அந்த ஒரு இடத்தில்தான்.

டயர் 28-622 அளவு (அகலம் 28, ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மில்லிமீட்டர்), மடித்து வைக்கக்கூடிய வகை. அதன் ஓரத்தில் ஓடி ரிம்மைப் பிடித்துக்கொள்ளும் பீட் என்ற வளையம் இரும்புக் கம்பி இல்லை, அராமிட் என்ற உறுதியான செயற்கை நூல். ரிம் அலுமினியம், உள் அகலம் 19 மில்லிமீட்டர், டியூப்லெஸுக்கும் ஏற்றது. நான் டியூப் போட்டுத்தான் ஓட்டுகிறேன். கம்பெனிப் பெயர்களை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இதே டயர் எங்கள் சைக்கிள் குழுவில் இன்னொருவர் ரிம்மில் வெறுங்கையால் ஏறுகிறது, என் ரிம்மில் வேறு டயர்கள் சாதாரணமாக ஏறுகின்றன, இது இரண்டும் சேரும்போதுதான் மல்லுக்கட்டு. அதனால் டயரை மட்டும் அல்லது ரிம்மை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை.

நாங்கள் வாரக் கடைசியில் விடிவதற்கு முன்பே கிளம்பி எம்4 சாலையில் உம்லாங்கா, உம்ட்லோட்டி வழியாக பல்லிட்டோ வரை போய்த் திரும்புவோம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கரும்புத் தோட்டம், ஓட்ட அருமையான சாலை. ஆனால் ஓரத்தில் கண்ணாடித் துண்டும், லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய இரும்புக் கம்பிகளும் கிடக்கும். அந்தக் கம்பி தலைமுடி கனம்தான், டயருக்குள் புகுந்துவிட்டால் விரலால் தடவினாலும் தெரியாது. உள்நாட்டுப் பக்கம் போனால் நம் ஊர் நெருஞ்சி முள்ளே இருக்கிறது, இங்கே ஆப்பிரிகான்ஸ் மொழியில் டபல்கி என்பார்கள். ஆக பஞ்சர் ஆகாத டயர் என்று ஒன்று இந்த ஊரில் கிடையாது, எப்போது ஆகும் என்பதுதான் கேள்வி.

2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை, உம்ட்லோட்டி தாண்டி, தெருவிளக்கு எதுவும் எரியாத இடத்தில் பின்சக்கரம் இறங்கிவிட்டது. அன்று நான் தனியாகப் போயிருந்தேன். டயரை ஒரு பக்கம் கழற்றி, கம்பியை எடுத்து, புது டியூபை வைத்துத் திரும்ப ஏற்றினேன். கடைசியில் ஒரு சாண் அளவு பீட் வெளியே நின்றது, அதற்கு மேல் ஒரு இம்மியும் நகரவில்லை. லீவரைப் போட்டு நெம்பினேன், ஏறியது, காற்றடித்தால் நிற்கவில்லை, லீவர் டியூபைக் கடித்துவிட்டது. இரண்டாவது டியூபுக்கும் அதே கதி. மூன்றாவது முறை ஒட்டுப் போட்ட டியூபோடு முயன்றபோது லீவரே உடைந்தது. கட்டைவிரல் நகத்தடியில் ரத்தம். பக்கத்தில் வண்டிகள் பறந்துகொண்டிருக்க, ஐம்பது நிமிடம் அந்த இருட்டில் நின்றபின் வீட்டுக்குப் போன் செய்தேன், மனைவி காரை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் இருந்த பயத்தை நான் மறக்கவில்லை. இறுக்கமான டயர் வெறும் எரிச்சல் சமாச்சாரம் இல்லை, பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் குழுவில் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியைச் சேர்ந்த ஒரு அண்ணா இருக்கிறார். அவருடைய முன்னோர்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள், அவர் தமிழை வளர்ந்த பிறகு சனிக்கிழமை வகுப்பில் கற்றுக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பேசுவார். மறுநாள் சக்கரத்தை அவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பார்த்துவிட்டு, “தம்பி, கையில் பலம் வேண்டாம். பள்ளம் எங்கே, பாரு” என்றார். நான்கு வருடத்தில் நான் கற்றது எல்லாமே அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான்.

ரிம்மைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஓரத்திலும் பீட் உட்காரும் மேடை, நடுவில் ஒரு பள்ளம். மேடையின் விட்டம் 622 மில்லிமீட்டர், அப்படியென்றால் சுற்றளவு ஏறக்குறைய 1954 மில்லிமீட்டர். பீட் கிட்டத்தட்ட நீளவே நீளாது, நீளக்கூடாது, நீண்டால் காற்று அழுத்தத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். நீளாத ஒரு வளையம் தன்னைவிடப் பெரிய ரிம் விளிம்பைத் தாண்டி எப்படி உள்ளே போகும்? எதிர்ப்பக்கம் அது மேடையிலிருந்து நடுப்பள்ளத்துக்குள் இறங்கினால்தான் இந்தப் பக்கம் தாண்டுவதற்குத் தளர்வு கிடைக்கும். நான் அன்று செய்த தவறு இதுதான்: எதிர்ப்பக்கம் பீட் மேடையிலேயே உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் முழு பலத்தோடு தள்ளிக்கொண்டிருந்தேன். பயில்வானே வந்தாலும் அப்படி ஏறாது.

அண்ணா அடுத்து பார்த்தது ரிம் டேப்பை, அதாவது ரிம்மின் உள்ளே ஸ்போக் ஓட்டைகளை மூடும் பட்டையை. என் ரிம்மில் பழைய கனமான துணி டேப் ஒட்டியிருந்தது, பள்ளத்துக்குள் சுமார் 1 மில்லிமீட்டர் கனம். ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று எனக்கும் தோன்றியது. ஆனால் பள்ளத்தின் ஆழமே என் ரிம்மில் 3 மில்லிமீட்டர்தான், அதில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. கணக்குப் போட்டால், தரை ஒரு மில்லிமீட்டர் உயரும்போது சுற்றளவில் 6 மில்லிமீட்டருக்கு மேல் கூடுகிறது. கடைசி ஒரு சாணில் மல்லுக்கட்டும் ஒருவருக்கு அந்த 6 மில்லிமீட்டர் எவ்வளவு பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. துணி டேப்பை உரித்துவிட்டு, டியூப்லெஸ் வேலைக்கு விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் டேப்பை இரண்டு சுற்று ஒட்டினேன். ஸ்போக் ஓட்டைகள் ஓரம் வரை மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றடித்ததும் டியூப் அந்த ஓட்டைக்குள் பிதுங்கி அறுபடும். என்னைக் கேட்டால், இறுக்கமான டயரோடு போராடும் யாரும் முதலில் மாற்ற வேண்டியது இந்த டேப்பைத்தான், டயரை அல்ல. எனக்குப் பாதிப் பிரச்சினை அந்த ஒரு மாலையில் தீர்ந்தது.

மீதிப் பாதி ஏற்றும் முறையில் இருக்கிறது. டயரை வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து ஏற்ற ஆரம்பித்து வால்வில் முடிக்க வேண்டும். நான் வருடக்கணக்காக வால்வில் ஆரம்பித்து எதிரில் முடித்துக்கொண்டிருந்தேன், அதுதான் இயல்பாகத் தோன்றும். ஆனால் வால்வின் அடிப்பகுதி கெட்டியாக இருக்கும், அந்த இடத்தில் பீட் பள்ளத்துக்குள் இறங்க முடியாது, கிடைக்க வேண்டிய தளர்வு அங்கே மாட்டிக்கொள்ளும். டியூபுக்கு வடிவம் வருகிற அளவு கொஞ்சம் காற்று ஊதி வைத்து, ஒரு பக்க பீட்டை முழுதும் ஏற்றி, இரண்டாவது பக்கத்தை எதிரிலிருந்து இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் வால்வை நோக்கிக் கொண்டுவருகிறேன். கடைசி ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது டியூபிலிருந்து காற்றை முழுக்க வெளியே விடவேண்டும். அப்புறம், இதுதான் உயிர்நாடி, எதிர்ப்பக்கத்துக்குத் திரும்பப் போய் டயரின் இரண்டு ஓரத்தையும் கிள்ளிச் சேர்த்துப் பள்ளத்துக்குள் தள்ளி, அங்கிருந்து இழுத்து இழுத்துத் தளர்வை வால்வுப் பக்கம் கொண்டுவர வேண்டும். இதை ஒரு தடவை செய்தால் போதாது, நான் மூன்று தடவை சுற்றி வருகிறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிடைக்கும்.

கடைசி இடத்தைக் கட்டைவிரல் நுனியால் தள்ளாதீர்கள், நகம்தான் போகும். சக்கரத்தை வயிற்றில் அண்டக்கொடுத்து, சப்பாத்தி மாவை அழுத்தித் தேய்ப்பது போல உள்ளங்கையின் அடிப்பகுதியால் டயரை உருட்டித் தாண்டவைக்க வேண்டும். நடுவில் தொடாமல் இரண்டு முனையிலிருந்தும் மாறி மாறி ஒவ்வொரு சென்டிமீட்டராக வந்தால் திடீரென்று டப் என்று உள்ளே விழும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் இன்றும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்தப் பக்கம் ஏற ஏற அந்தப் பக்கம் கழன்று வருகிற தொல்லை இருந்தால், முனையில் ஒரு வெல்க்ரோ பட்டையைச் சுற்றிக் கட்டிவிடுங்கள், மூன்றாவது கை மாதிரி பிடித்துக்கொள்ளும். ஏறியதும் வால்வை ஒருமுறை உள்ளே அமுக்கிவிட்டு, டயரை ஓரம் ஓரமாக ஒதுக்கி டியூப் எங்காவது பீட்டுக்கு அடியில் எட்டிப்பார்க்கிறதா என்று இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்த பிறகுதான் பம்பைத் தொடுவேன். இருட்டில் அவசரப்பட்டு இதை விட்டவர்கள் டியூபை வெடிக்கவிட்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.

கருவிகள் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்ரோஸ் லீவர் ஒரு ஜோடி மூன்று வருடமாக என்னிடம் இருக்கிறது, அகலமானது, வளைந்தாலும் உடையவில்லை, கழற்றுவதற்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஏற்றுவதற்கு லீவரை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் கூல் ஸ்டாப் பீட் ஜாக் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் ஒரு முனை எதிர் ஓர ரிம்மில் ஊன்றிக்கொள்ள, கொக்கி மாதிரியான மறுமுனை பீட்டைப் பிடித்துத் தூக்கி உள்ளே போடும், டியூபைத் தொடாது. புது டயரை முதல் முறை ஏற்ற அருமையானது, ஆனால் ஜெர்சிப் பையில் அடங்கும் அளவு இல்லை. சோப்புத் தண்ணீர் நன்றாக வேலை செய்கிறது. ரப்பருக்குப் பதில் டிபியூ என்ற பிளாஸ்டிக்கில் செய்த டியூப் ஒரு வருடம் போட்டுப் பார்த்தேன். பொட்டலம் சிறியது, மெல்லியது என்பதால் டயர் ஏறுவது கொஞ்சம் சுலபம்தான். லீவர் பட்டால் மட்டும் தாங்காது.

இன்னொரு விஷயம், இறுக்கமான டயர் ஏறிவிட்டது என்பதால் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பீட்டுக்கு மேலே டயரில் மெல்லிய கோடு ஒன்று ஓடும், அது ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஒரு இடத்தில் அமுங்கியிருந்தால் சக்கரம் குதித்துக் குதித்து ஓடும். காற்றை இறக்கி அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, டயரில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டாமல் திரும்ப அடித்தால் சரியாகிவிடும். பீட்டைப் பிடிக்க உள் விளிம்பில் கொக்கி போன்ற மடிப்பு இல்லாத ரிம் வைத்திருப்பவர்களுக்கு அந்த உச்சம் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ, அதில் விளையாடக்கூடாது.

இப்போதைய நிலவரம்: போன அக்டோபரில் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து டர்பன் வரை நடக்கும் 106 கிலோமீட்டர் அமாஷோவா ஓட்டத்துக்காக பழைய சாலையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, இன்ச்சாங்கா ஏற்றத்துக்கு முன்னால் இதே டயர் பஞ்சர் ஆனது. லீவர் இல்லாமல் ஏற்றி, காற்றடித்துக் கிளம்ப ஒன்பது நிமிடம். அண்ணா பக்கத்தில் நின்று வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, கை மட்டும் கொடுத்தார்.

அந்தப் பின் டயர் இப்போது நடுவில் தட்டையாகத் தேய்ந்துவிட்டது. அதே மாடலில் புதிது வாங்கிவிட்டேன். பெட்டியிலிருந்து எடுத்ததும் ஏற்றிப் பார்த்தால் பழையதைவிட இறுக்கம், ஜாக் போட்டுத்தான் ஏற்ற முடிந்தது. புது டயர் முதல் முறை எப்போதும் அப்படித்தான் இருக்கும், கொஞ்ச நாள் காற்றோடு இருந்தால் மடிப்பு போய் அடுத்த முறை இணக்கமாக வரும், என் அனுபவத்தில் இதுவரை அப்படித்தான். அதனால் இதை உபரியாக இருக்கும் அதே மாதிரி ரிம் ஒன்றில் மாட்டி, காற்றடித்து, மூன்று நாளாகப் பால்கனி வெயிலில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி கழற்றி வெறுங்கையால் திரும்ப ஏற்றிப் பார்ப்பேன். ஏறினால் சனிக்கிழமை பல்லிட்டோவுக்கு அதில்தான் போகிறேன். ஏறாவிட்டால் பழைய டயரே இன்னொரு வாரம் ஓடட்டும்.