அப்பாவின் காது மிஷினும் அதைப் பொருத்தித் தந்த மையமும்: ஓராண்டுக்குப் பிறகு

காது கேட்கும் கருவியை வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்பீடுகளால் யாருக்கும் பெரிய பயனில்லை என்பதால், சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் உள்ள ஒரு செவித்திறன் மையத்தைப் பற்றி எழுத ஓராண்டு முடியட்டும் என்று காத்திருந்தேன். கருவியை அணிபவர் என் அப்பா. அம்மாப்பேட்டையில் விசைத்தறிக் கூடத்திலேயே தம் உழைக்கும் வயதைக் கழித்தவர். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் ஒலிதான் எல்லை என்று தொழில்சார் சுகாதார ஆராய்ச்சியாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். வரிசையாகத் தறிகள் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லவே காதருகே வந்து கத்த வேண்டியிருக்கும் என்பதை எங்கள் பகுதியினர் அனைவரும் அறிவார்கள்.

இதற்கு முன் ஒரு விற்பனை முகாமில், தள்ளுபடி விலை என்று சொல்லி, சரியான பரிசோதனை ஏதுமின்றி ஒரு கருவியை அப்பாவின் காதில் மாட்டி அனுப்பினார்கள். அது எல்லா ஓசைகளையும் ஒரே அளவில் பெரிதாக்கியதால், அலமாரிக்குள் போய்விட்டது. இந்த மையத்திலோ, காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, அழுக்கு அடைத்திருக்கிறது, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் எடுத்துவிட்டு வாருங்கள் என்று முதல் நாளே திருப்பி அனுப்பினார்கள். பணம் வாங்காமல் ஒருவரைத் திருப்பி அனுப்புகிற இடத்தின் மீது எனக்கு அப்போதே நம்பிக்கை வந்தது. அடுத்த முறை ஒலி புகாத அறையில் தாழ்ந்த 250 ஹெர்ட்ஸ் முதல் கீச்சென்ற 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வோர் ஒலியாகக் கேட்க வைத்து, காதின் பின்புற எலும்பிலும் சோதித்து, தமிழ்ச் சொற்களைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார்கள். கேட்கும் திறனைக் காட்டும் ஆடியோகிராம் வரைபடத்தில் கோடு முதலில் ஓரளவு சமமாகச் சென்று, 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளமாக இறங்கியிருந்தது. நெடுங்காலம் இரைச்சலில் இருந்தவர்களின் காது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்று அங்கிருந்த செவித்திறன் நிபுணர் (ஆடியாலஜிஸ்ட்) விளக்கினார். அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னிடம் பேசாமல் அப்பாவின் முகத்தைப் பார்த்து, "ஐயா, பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னு தான் புரியல, அப்படித்தானுங்களே?" என்று கேட்டது எனக்கு மறக்காது.

கருவியை விடவும் அதைப் பொருத்திய விதமே இந்த மையத்தின் உண்மையான தரம். காதுத் துவாரத்தில் கருவியோடு சேர்த்து நூல் போன்ற மெல்லிய குழாய் ஒன்றை நுழைத்து, செவிப்பறைக்கு அருகே ஒலி எவ்வளவு வந்து சேர்கிறது என்பதைக் கணினியில் அளந்து, அப்பாவின் குறைபாட்டுக்கு வேண்டிய அளவோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். பொருத்தும் இடம் எதுவானாலும் இந்த அளவீட்டைச் செய்வீர்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். தொடக்கத்தில் ஒலியைச் சற்றுக் குறைத்தே வைத்திருந்தார்கள். குக்கர் விசிலும் எவர்சில்வர் தட்டு விழும் ஓசையும் அப்பாவுக்குத் தாங்க முடியாதவையாக இருந்த அந்த மாதங்களில், ஒவ்வொரு வருகையிலும் அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். தறியில் காய்த்துப்போன விரல்களுக்குச் சிறிய பேட்டரி பிடிபடாது என்று சற்றுப் பெரிய, ஆரஞ்சு ஒட்டு உள்ள 13-ஆம் எண் பேட்டரி போடும் கருவியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒட்டைக் கிழித்தவுடன் போடாமல், காற்று உள்ளே போக ஓரிரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட வேண்டும் என்பதையும் அப்பாவின் கையாலேயே செய்ய வைத்துப் பார்த்தார்கள்.

ஏற்காட்டில் அக்கா வீட்டில் தங்கிய மழைக்காலத்தில், மேக மூட்டத்தின் ஈரம் கருவியின் ஒலிக் குழாய்க்குள் துளித்துளியாகத் தேங்கிக் கருவி அடிக்கடி நின்றது. மையத்தில் குழாயைச் சுத்தம் செய்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பா ஒன்றைக் கட்டணம் இல்லாமல் கொடுத்தார்கள். இரவில் அதில் போட்டு மூடி வைக்கத் தொடங்கிய பின் அந்தத் தொல்லை இல்லை. பகோடா பாயிண்டில் காற்றடிக்கும் இரைச்சலும், கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிப் பேச்சு விளங்காததும் இன்றும் தீரவில்லை. அவற்றை முழுமையாகத் தீர்க்க முடியாது என்பதை அவர்கள் மறைக்கவுமில்லை.

சீனாவில் ஊசி போட்டுக் குழந்தைகளுக்குக் காது கேட்க வைத்திருக்கிறார்களாமே என்று அப்பா ஒருமுறை கேட்டபோது கிடைத்த பதிலையும் இங்கே சொல்ல வேண்டும். ஷாங்காய் ஃபுடான் பல்கலைக்கழகக் குழுவினர் 2024 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட அந்த மரபணு சிகிச்சை ஆய்வில், 6 குழந்தைகளில் 5 பேருக்குக் கேட்கும் திறன் வந்தது உண்மை. ஆனால் அக்குழந்தைகளின் உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் இருந்தன. அவை நரம்புக்குச் செய்தி அனுப்பத் தேவையான ஓட்டோஃபெர்லின் என்ற புரதம்தான் இல்லை. அப்பாவுக்கோ இரைச்சலில் அந்தச் செல்களே அழிந்துவிட்டன. பறவைகளுக்கு அவை மீண்டும் முளைக்கும் என்பது 1980-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது, மனிதர்களுக்கு முளைப்பதில்லை. முளைக்க வைக்கும் என்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட எஃப்.எக்ஸ்-322 என்ற மருந்து 2023-இல் சோதனையில் தோற்றது. இவ்வளவையும் பொறுமையாக விளக்கி, ஆராய்ச்சி நடக்கிறது, அதுவரை கருவியை விடாதீர்கள் என்றார் ஆடியாலஜிஸ்ட். கருவி அணியாவிட்டால் மறதி நோய் வரும் என்று இந்த மையத்தில் யாரும் பயமுறுத்தவில்லை என்பதையும் நான் பெரிதாக மதிக்கிறேன். 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி கொடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்படாதவர்களுக்கும் இடையே மொத்தக் குழுவில் வேறுபாடு தெரியவில்லை. மறதி அபாயம் கூடுதலாக இருந்த பிரிவினரிடம் மட்டுமே கருவியால் சிந்தனைத்திறனின் சரிவு 48 சதவீதம் குறைந்தது. இதில் 48 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வியாபாரம் செய்வது எளிது.

குறைகளும் உண்டு. நேரம் குறிக்கத் தொலைபேசியில் மட்டுமே பேச வேண்டும். காது கேளாதவர்கள் வரும் இடத்துக்கு இது பொருந்தாது. வாட்ஸ்அப் எண் ஒன்று போதும். காத்திருப்பவர்களின் பெயரை உள்ளிருந்து கூப்பிடுகிறார்கள்; தம் பெயர் கேட்காமல் முறை தவறிய ஒரு முதியவரைக் கண்ணால் பார்த்தேன். எண் காட்டும் பலகை ஒன்று வைக்க வேண்டும். மையம் முதல் மாடியில் இருக்கிறது, லிப்ட் கிடையாது. விலை, இரண்டு காதுக்கும் சேர்த்து எங்களைப் போன்ற குடும்பத்துக்குச் சுமைதான். கேட்கும் கருவிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் பில்லைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆடியாலஜிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்பதையும், வாரண்டி முடிந்த பின் சர்வீஸ் கட்டணம் எவ்வளவு என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

தறிக்கூடத்தில் இன்றும் நிற்கும் என் தம்பியையும் இங்கே அழைத்துச் சென்று பரிசோதித்தோம். அவனுக்கும் 4000 ஹெர்ட்ஸில் பள்ளம் தொடங்கிவிட்டது. பஞ்சு போன்ற காதடைப்பான்களை அவர்களே கொடுத்து, எப்படிச் சுருட்டிச் செருக வேண்டும் என்று காட்டினார்கள். இந்தப் பரிசோதனையை அம்மாப்பேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் தறிக்கூடங்களுக்கே வந்து ஆண்டுக்கு ஒரு முறை நடத்துங்கள் என்று மையத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.