கேம்பர் வேனில் பின் சீட்டும் பெல்ட்டும் போட்டு ஏமாந்த கதை: பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் வண்டிக்கு அடியில் பாருங்கள்

பிரிட்டனில் பழைய கேம்பர் வேன் (உள்ளேயே சமைத்து, படுத்துத் தூங்க வசதி செய்த வேன்) வைத்திருக்கும், வாங்க நினைக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். பின்னால் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

எங்களுடையது 1998 மாடல் வோக்ஸ்வேகன் டி4. முந்தைய சொந்தக்காரர் அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்து, பின்னால் பக்கம் பார்த்த பெஞ்சு ஒன்றைப் போட்டிருந்தார். பெல்ட் கிடையாது. அந்தக் கால வேன்களில் இது சாதாரணம். ஆனால் பக்கம் பார்த்த இருக்கையில் குழந்தை சீட் வைக்க முடியாது. பெல்ட் போட்டாலும் மோதலில் உடம்பு முறுக்கிக்கொள்ளும். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. அதனால் பெஞ்சைக் கழற்றிவிட்டு, முன்னோக்கிப் பார்க்கிற, மடக்கினால் படுக்கையாகிற சீட்டை மூன்று முனை பெல்ட்டோடு போட முடிவு செய்தோம்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் அந்தப் பட்டறைக்குப் போனோம். தமிழ் பேசுகிறவர், மரியாதையாகப் பேசினார். “எம்1 டெஸ்ட் பண்ணின சீட் அண்ணே, யானை கட்டி இழுத்தாலும் வராது” என்றார். 2,650 பவுண்டு. கார்டு வேண்டாம், பேங்கில் போட்டால் 150 குறைக்கிறேன் என்றார். போட்டேன். மூன்றாம் நாள் வண்டி வந்தது. சீட் பார்க்க அவ்வளவு அழகு. அந்தக் கோடையில் வேல்ஸ் வரை போய்வந்தோம், பிள்ளைகள் இருவரும் அதில்தான் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து எம்.ஓ.டி.க்கு, அதாவது வண்டி ஓட்டத் தகுதியானதா என்று பார்க்கிற வருடாந்தரச் சோதனைக்கு, விட்டேன். சோதித்தவர் என்னைக் கூப்பிட்டு, தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியில் நிற்க வைத்து டார்ச் அடித்துக் காட்டினார். சீட்டின் பின்கால் போல்ட் தரைத் தகட்டைத் துளைத்து வந்திருந்தது. அதன் நட்டுக்குக் கீழே 50 பென்ஸ் காசு அளவில் ஒரு வாஷர், அவ்வளவுதான். அதைச் சுற்றித் தகடு கிண்ணம்போல உள்வாங்கியிருந்தது. நட்டை முறுக்கியதற்கே அந்தக் குழி. இன்னொரு போல்ட்டைச் சுற்றி அப்பியிருந்த கறுப்புப் பூச்சை விரலால் சுரண்டினார், துரு செதில் செதிலாக உதிர்ந்தது. பெல்ட் பிடிமானத்தைச் சுற்றி 30 செ.மீ.க்குள் துரு தின்றிருந்தால் எம்.ஓ.டி. கிடைக்காது. ஃபெயில். அப்புறம் உள்ளே ஏறிப் பார்த்தால், மூன்றாவது போல்ட் தகட்டையே தொடவில்லை. வெறும் பிளைவுட்டில் நின்றது.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. வேல்ஸ் மலைப்பாதையில் அந்த ஒட்டுப்பலகையை நம்பித்தான் பிள்ளைகளை வைத்து ஓட்டியிருக்கிறேன்.

எம்1 சோதனை என்றால் என்னவென்று அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு இருக்கைக்கும் தோள் பெல்ட்டில் சுமார் 1,350 கிலோ, இடுப்புப் பெல்ட்டில் இன்னொரு 1,350 கிலோ எடைக்குச் சமமான விசையை ஒரே நேரத்தில் கொடுத்து இழுப்பார்கள். பெல்ட் சீட்டோடு சேர்ந்திருந்தால் சீட்டின் எடையைப் போல 20 மடங்கும் கூடும். இரண்டு பேர் உட்காரும் 70 கிலோ சீட் என்றால் மொத்தம் கிட்டத்தட்ட 7 டன். பெரிய இரும்புப் பட்டைகளைத் தகட்டுக்கு அடியில் கொடுத்து, வண்டியின் சட்டகத்தோடு பிணைத்தால்தான் இதைத் தாங்கும். சோதனையில் தேறுவது சீட் மட்டும் அல்ல. இந்த வண்டியில், இந்த இடத்தில், இந்தப் பட்டைகளோடு பொருத்திய சீட் தேறியது என்பதுதான் கணக்கு. நான் சான்றிதழ் கேட்டபோது பட்டறைக்காரர் அனுப்பிய படத்தில் வண்டி டி5 என்று இருந்தது. என்னுடையது டி4! “எல்லாம் ஒண்ணுதான் அண்ணே” என்றார். அதன்பின் போனை எடுக்கவில்லை.

வேறொரு கைதேர்ந்த மெக்கானிக்கிடம் சீட்டைக் கழற்றச் சொன்னேன். பெல்ட்டில் இருக்க வேண்டிய, வட்டத்துக்குள் ‘E’ என்ற எழுத்து போட்ட லேபிள் (முறைப்படி ஒப்புதல் பெற்ற பெல்ட் என்பதற்கான அடையாளம்) கத்தரிக்கப்பட்டிருந்தது. ஏதோ உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பெல்ட்டாக இருக்கும் என்றார். பெல்ட் போல்ட் வழக்கமாக 7/16 அங்குல யு.என்.எஃப். என்கிற நெருக்கமான மரையில் வரும். இதில் தலையில் வலிமையைக் காட்டும் எந்த எண்ணும் இல்லாத மெல்லிய போல்ட்.

நான் செய்த பெரிய தவறு பேங்கில் பணம் போட்டது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையுள்ள வேலைக்கு கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமே கேட்டிருக்கலாம். 150 பவுண்டுக்கு ஆசைப்பட்டு அந்தப் பாதுகாப்பை விட்டுவிட்டேன். இப்போது 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் காட்டிப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டிருக்கிறேன். 14 நாள் கெடு. பதில் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரை அங்கே கேட்கலாம். மக்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பிலும் புகார் சொல்லியாயிற்று.

நீங்கள் வேலை கொடுப்பதற்கு முன், சான்றிதழில் உங்கள் வண்டியின் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் போடப்போகும் பட்டைகளைக் கையில் வாங்கிப் பாருங்கள். பொருத்தும்போது ஒவ்வொரு போல்ட்டையும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள், தயங்கினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள். எம்.ஓ.டி. பாஸ் ஆனதே போதும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அங்கே பெல்ட்டைக் கையால் இழுத்துத்தான் பார்ப்பார்கள், 7 டன்னால் அல்ல.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொண்டுபோய் வண்டியைத் தூக்கச் சொல்லி, நீங்களும் கீழே நின்று பாருங்கள். எங்கள் வேன் வீட்டு முன்னால் பின் சீட் இல்லாமல் நிற்கிறது. அந்த வாஷர்களையும் போல்ட்களையும் நீதிமன்றத்துக்காக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.